அத்தியாயம் 6: இதய ரத்த ஓட்ட ஸ்கேன் – முந்தைய நாள் முதல் அறிக்கை வரை

தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பாதி ஏறியதும் நெஞ்சு இறுகுகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. தோட்டத்து மேட்டில் டுரியான் கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நியூக்ளியர் ஸ்கேன் ஒன்று பார்த்துவிடலாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்காகவும், அவரை அழைத்துப்போகும் மகனுக்காகவும் மகளுக்காகவும் எழுதியது இந்த அத்தியாயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையில் பாதி வேலை உங்களுடையது. முந்தைய நாள் என்ன குடித்தீர்கள், எந்த மாத்திரையை விட்டீர்கள், கேமராவின் அடியில் எவ்வளவு அசையாமல் படுத்தீர்கள் என்பதைப் பொறுத்தே படம் சரியாகவோ தவறாகவோ வரும். மிச்சப் பாதியை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்.

பாலிக் புலாவ் மருத்துவமனையில் இந்த ஸ்கேன் எடுக்கும் வசதி இல்லை. கடிதத்தோடு மலை தாண்டி ஜார்ஜ்டவுனுக்குத்தான் போக வேண்டும். அங்கே பினாங்குப் பொது மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உள்ளவை மிகச் சிலவே. அதனால் கிடைத்த தேதியை வீணாக்காமல் போய் வருவது முக்கியம்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

மலைச்சரிவுத் தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் மண் படிந்து பாதி அடைத்திருந்தாலும், மழைக்காலத்தில் குறை தெரியாது. வெயில் காலத்தில் எல்லா மரமும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைசி வரிசை மரம் வாடும்.

இதயத்தின் கதையும் இதுதான். ரத்தக்குழாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தாலும் ஓய்வில் இருக்கும் இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் கிடைத்துவிடும். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். அதனால் இந்த ஸ்கேனில் இரண்டு படம் எடுக்கிறார்கள்: ஓய்வில் ஒன்று, இதயத்துக்கு வேலை கொடுத்த பிறகு ஒன்று. கையில் ஊசி வழியாகச் செலுத்தும் சிறிதளவு கதிரியக்க மருந்து, ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் போய்த் தசையில் தங்குகிறது. காமா கேமரா அதைப் படமாக்குகிறது. ரத்தம் குறைந்த இடம் படத்தில் மங்கலாகத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி செய்ய வேண்டியவை.

தேதிக்காகக் காத்திருக்க முடியாத அறிகுறிகள்

ஸ்கேன் தேதி அடுத்த மாதம் என்பதற்காக எல்லா வலியையும் அதுவரை பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கீழே உள்ளவற்றில் எது நேர்ந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள்:

- ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து, விடாமல் நீடிப்பது.
- வலி இடது கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுவது. குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம்.
- நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ ஸ்ப்ரேயோ எடுத்து 5 நிமிடம் ஆகியும் வலி குறையாதது.

பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் அசதியாகவும் மாரடைப்பு வரலாம். வலியோடு நீங்களே காரை ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்காதீர்கள். வளைவில் மயக்கம் வந்தால் உங்கள் உயிரோடு எதிரே வருபவர் உயிரும் போகும்.

படி 1: தேதி வாங்கும்போது சொல்ல வேண்டியவை

இதயத்துக்கு வேலை கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரெட்மில்லில் நடப்பது. நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், டைபிரிடமோல் போன்ற மருந்தை நரம்பில் செலுத்தி இதய ரத்தக்குழாய்களை விரிவடையச் செய்வது இன்னொன்று. உங்களுக்கு எது பொருந்தும் என்று முடிவெடுக்க, பின்வருவன இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்:

1. ஆஸ்துமா அல்லது வீசிங். அடினோசினும் டைபிரிடமோலும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு டோபுட்டமின் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.
2. முழங்கால் வலி, பக்கவாதம், காலில் ஆறாத புண்.
3. பேஸ்மேக்கர், அல்லது ஈசிஜியில் 'பிளாக்' இருப்பதாக முன்பு யாராவது சொன்னது.
4. கர்ப்பம், அல்லது கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது.
5. தோள் வலி. கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்க முடியுமா என்பது இங்கே முக்கியமான கேள்வி.
6. எடை. கேமராப் படுக்கைக்கு எடை வரம்பு உண்டு.

குறிப்பு: இரண்டு படமும் ஒரே நாளிலா, இரண்டு நாளிலா என்று அப்போதே கேளுங்கள். ஒரே நாள் என்றால் காலையில் போனவர் பிற்பகல்தான் வெளியே வருவார். இரண்டு நாள் என்றால் வண்டியும் துணையும் இரண்டு முறை வேண்டும்.

படி 2: மருந்துப் பட்டியல்

வீட்டில் இருக்கும் எல்லா மருந்துப் பைகளையும் மேசையில் கொட்டி, பெயர், அளவு, எடுக்கும் நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கிளினிக்கில் கொடுத்தவை, கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டியலைத் தேதி கொடுக்கும் இடத்திலேயே காட்டி, எதை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவான நடைமுறை இது:

- பைசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், அட்டினோலோல்: இவை இதயத் துடிப்பை ஏறவிடாது. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன் என்றால் 1 முதல் 2 நாள் முன்பு நிறுத்தச் சொல்வதுண்டு. ஏற்கெனவே தெரிந்த நோய்க்கு மருந்து போதுமா என்று பார்ப்பதற்கென்றால் தொடரச் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், இவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி கூடும்.
- தியோஃபிலின், டைபிரிடமோல் மாத்திரைகள்: மருந்து வழிச் சோதனையை இவை கெடுக்கும். எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று கேட்டே ஆக வேண்டும்.
- இன்சுலின், கிளிக்கிளசைட்: வெறும் வயிற்றில் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அன்றைய காலை அளவை மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.
- வயாக்ரா வகை மாத்திரைகள்: இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. சோதனையின்போது நெஞ்சுவலி வந்தால் நாக்கடி மருந்து கொடுப்பார்கள். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வெட்கப்படாமல் சொல்லுங்கள், வெளியே போகாது.

படி 3: முந்தைய 24 மணி நேரம் – காஃபீன் கூடாது

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. அடினோசின் வேலை செய்யும் அதே இடத்தைக் காஃபீன் முன்பே போய்ப் பிடித்துக்கொள்கிறது. அப்போது ரத்தக்குழாய் முழுமையாக விரியாது, பற்றாக்குறை படத்தில் தெரியாது. அடைப்பு உள்ளவருக்கு 'நார்மல்' என்று அறிக்கை வந்துவிடக்கூடும்.

நிறுத்த வேண்டியவை:

1. கோப்பி ஓ, நெஸ்காபி, 'காஃபீன் நீக்கியது' என்று போட்டிருக்கும் காப்பியும்கூட. அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.
2. தே தாரேக், தே ஓ, சீனத் தேநீர், பச்சைத் தேயிலை.
3. மைலோ, சாக்லேட், சாக்லேட் பிஸ்கட். கோக்கோவிலும் காஃபீன் உண்டு.
4. கோலா பானங்கள், எனர்ஜி டிரிங்க்.
5. காஃபீன் கலந்த வலி மாத்திரைகள். பனடோல் எக்ஸ்ட்ரா அவற்றில் ஒன்று. தலைவலி என்றால் சாதாரண பாராசிட்டமால் போதும்.

குடிக்கக் கூடியவை: வெறும் தண்ணீர், பார்லி, பால். நம் ஊர் ஜாதிக்காய்ச் சாற்றில் காஃபீன் இல்லை. சர்க்கரை நோயாளிகள் மட்டும் அதன் இனிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிரெட்மில் சோதனைதான் என்று சொல்லியிருந்தாலும் இந்த விதியைக் கடைப்பிடியுங்கள். நடந்து போதிய துடிப்பு வரவில்லை என்றால் அங்கேயே மருந்து வழிக்கு மாற்றுவார்கள்.

குறிப்பு: வயதான அப்பாவுக்குக் காலையில் கோப்பி இல்லாமல் ஆகாது என்றால், முந்தைய நாளே டப்பாவை அலமாரியில் மறைத்து வையுங்கள். மறந்து ஒரு வாய் குடித்துவிட்டாலும், போனதும் ஊழியரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகலாம். தவறான 'நார்மல்' அறிக்கையை நம்பி வீட்டில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 4: புறப்படும் காலை

1. உணவு எத்தனை மணி நேரம் கூடாது என்பது கடிதத்தில் இருக்கும். குறைந்தது 4 மணி நேரம் என்பது வழக்கம். தண்ணீர் குடிக்கலாம்.
2. மேலே பொத்தான் வைத்த சட்டை, கீழே தளர்ந்த காற்சட்டை, பிடிப்பான காலணி. சேலையோ சிலிப்பரோ டிரெட்மில்லுக்கு ஆகாது.
3. மார்பில் பவுடர், எண்ணெய், லோஷன் பூசாதீர்கள். ஈசிஜி ஒட்டிகள் வழுக்கி விழும்.
4. கழுத்துச் சங்கிலியும் தாலிக்கொடியும் நெஞ்சின்மேல் கிடந்தால் படத்தில் நிழல் விழும். கழற்ற மனமில்லாதவர்கள் அதை மார்பிலிருந்து தள்ளி வைக்க முடியுமா என்று ஊழியரிடம் கேட்கலாம்.
5. பையில்: ஐசி, கடிதம், மருந்துப் பட்டியல், பழைய ஈசிஜி மற்றும் ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஆஸ்துமா பம்ப், நாக்கடி மருந்து, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், சாப்பிட ரொட்டியும் பட்டரும்.
6. ஜாலான் துன் சார்டோன் வளைவுகள் வழியே போனாலும், பாயான் லெப்பாஸ் பக்கம் சுற்றிப் போனாலும், காலையில் தொழிற்சாலைக்குப் போகும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்களுக்கான மருந்து எடுத்து வைத்துக்கொள்ளும் சரக்கு அல்ல. பெரும்பாலும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். மாலிப்டினம் அடைத்த ஒரு சிறு கலத்திலிருந்து அதை அன்றன்று எடுக்கிறார்கள். இந்தத் துறையில் அந்தக் கலத்துக்குப் பசு என்றும், மருந்து எடுப்பதற்குக் கறப்பது என்றும் பெயர். உங்கள் பெயருக்குக் கறந்த மருந்து நீங்கள் வராவிட்டால் வீண். வர முடியாது என்றால் முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லுங்கள்; அந்த இடம் இன்னொரு நோயாளிக்குக் கிடைக்கும்.

படி 5: மருத்துவமனையில் நடக்கும் வரிசை

வரிசை இடத்துக்கு இடம் சற்று மாறலாம். ஒரே நாளில் முடியும் சோதனை பெரும்பாலும் இப்படிப் போகும்:

1. கையில் நரம்பு ஊசி பொருத்துவார்கள். ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்ப்பார்கள்.
2. ஓய்வு நிலையில் முதல் மருந்து. ஊசி குத்திய வலி தவிர வேறெதுவும் தெரியாது.
3. 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருப்பு. மருந்து கல்லீரலிலும் பித்தப்பையிலும் தேங்கினால் இதயத்தின் அடிப்பகுதிப் படம் கெடும். அது இறங்குவதற்காகத் தண்ணீர், பால், பட்டர் ரொட்டி சாப்பிடச் சொல்வதுண்டு. சொன்ன பிறகே சாப்பிடுங்கள்.
4. முதல் படம். மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம். கேமரா நெஞ்சைச் சுற்றி மெல்ல நகரும்.
5. இதயத்துக்கு வேலை. டிரெட்மில் பெரும்பாலும் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 விழுக்காடு சரிவில் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். எட்ட வேண்டிய துடிப்பு: 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காடு. 60 வயதுக்காரருக்கு 136.
6. உச்சத்தில் இரண்டாம் மருந்து. ஊசி போட்ட பிறகும் ஒரு நிமிடமாவது தொடர்ந்து நடக்க வேண்டும். அந்த நிமிடத்தில்தான் மருந்து தசைக்குள் போகிறது. ஊசி போட்டாயிற்றே என்று நின்றுவிடாதீர்கள்.
7. மீண்டும் காத்திருப்பு, இரண்டாம் படம்.

மருந்து வழிச் சோதனை என்றால் 5, 6-க்குப் பதிலாகப் படுத்தபடியே சில நிமிடம் மருந்து ஏற்றுவார்கள். முகம் சூடாகும், நெஞ்சு இறுகும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், தலை வலிக்கும். பயப்பட வேண்டாம். அடினோசினின் அரை ஆயுள் 10 வினாடிக்கும் குறைவு. மருந்தை நிறுத்தியதும் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அடங்கும். டைபிரிடமோல் சற்று நீடிக்கும். அதை முறிக்க அமினோஃபிலின் ஊசி உண்டு.

வாய் திறந்து உடனே சொல்ல வேண்டியவை: நெஞ்சுவலி, தலைசுற்றல், கண் இருட்டுதல், வீசிங், கால் தளர்ச்சி, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் அல்லது எரிச்சல். நம்மவர்கள் மருத்துவருக்குத் தொந்தரவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வலி எந்த நிமிடத்தில் வந்தது என்பதே அவர்களுக்கு வேண்டிய தகவல்.

படத்துக்காக ஒரு பயிற்சி: ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் வீட்டில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்து 15 நிமிடம் அசையாமல் இருந்து பழகுங்கள். படம் எடுக்கும்போது தோளை அசைத்தாலும், இருமினாலும், தூக்கத்தில் புரண்டாலும் இல்லாத குறை படத்தில் தோன்றும்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

1. நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். தண்ணீர் குடிக்க அளவு விதித்திருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.
2. ஆண்களும் உட்கார்ந்தே கழிப்பது நல்லது. இருமுறை நீர் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
3. அன்று மட்டும் பேரப்பிள்ளையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளிடமிருந்து சற்று விலகி இருங்கள். ஒரே வீட்டில் இருப்பதிலும் ஒன்றாகச் சாப்பிடுவதிலும் தவறில்லை.
4. நிறுத்திய மருந்துகளை எப்போது தொடங்குவது என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். சோதனை முடிந்த பிறகும் பைசோப்ரோலோலை மறந்து விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.
5. அடுத்த சில நாளில் விமானப் பயணம் இருந்தால் மருத்துவமனையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில விமான நிலையங்களில் கதிர் உணர் கருவிகள் ஒலிக்கக்கூடும். டெக்னீசியத்துக்குப் பதிலாகத் தாலியம்-201 செலுத்தியிருந்தால் இது பல நாள் நீடிக்கலாம்.

கதிரியக்கம் என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. இரண்டு படத்துக்கும் சேர்த்து உடம்பு பெறும் அளவு ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, நான்கு ஆண்டு இயற்கையாகப் பெறுவதை ஒரு நாளில் பெறுகிறோம். தேவை இருக்கும்போது இது ஏற்கத்தக்க அளவு. தேவையில்லாமல் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் சோதனை அல்ல. டெக்னீசியம் 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

படி 7: அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்.

- 'ரிவர்சிபிள்': ஓய்வில் சரியாக இருந்த இடம் உழைப்பில் மங்கியிருக்கிறது. தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம் போதவில்லை என்று பொருள்.
- 'ஃபிக்ஸ்டு': இரண்டு படத்திலும் மங்கல். பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. ஆனால் பெண்களுக்கு மார்பகமும் ஆண்களுக்கு உதரவிதானமும் மறைப்பதால் போலியாகவும் வரலாம்.
- 'ஈஎஃப்': ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு. 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. 40-க்குக் கீழே என்றால் இதயம் பலவீனமாகிவிட்டது. உடனே கவனிக்க வேண்டும்.

முறையாக எடுத்த ஸ்கேன் நார்மலாக இருந்தால், பெரும்பாலானோருக்கு அடுத்த ஓராண்டில் மாரடைப்போ இதய மரணமோ நேரும் வாய்ப்பு 100-இல் ஒன்றுக்கும் குறைவு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சற்றுக் கூடுதல். மூன்று ரத்தக்குழாயும் ஒரே அளவு அடைபட்டிருந்தால் எல்லா இடமும் சமமாக மங்கி, படம் நார்மல்போல் தெரிவதும் அரிதாக உண்டு. ஆகவே நார்மல் என்று வந்த பிறகும் நெஞ்சுவலி தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரிடம் போங்கள்.

குறை இருக்கிறது என்று வந்தால் உடனே ஸ்டென்ட் என்று பதற வேண்டாம். 37 நாடுகளில் 5,179 நோயாளிகளை வைத்து நடந்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு, நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு முதலிலேயே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வது, நல்ல மருந்துச் சிகிச்சையோடு தொடங்குவதைவிட மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கவில்லை என்று கண்டது. நெஞ்சுவலி மட்டும் முதலிலேயே அவற்றைச் செய்துகொண்டவர்களுக்கு நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேரவில்லை. மருத்துவரிடம் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்: எவ்வளவு பெரிய பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது? மருந்தோடு பார்க்கலாமா? ஆஞ்சியோகிராம் செய்தால் எனக்கு எதில் பலன்?

அடிக்கடி நடக்கும் ஐந்து தவறுகள்

1. காலையில் கோப்பி குடித்துவிட்டு மறைப்பது.
2. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எல்லா மருந்தையும் நிறுத்துவது.
3. ஆஸ்துமா இருப்பதைச் சொல்ல மறப்பது.
4. துணையில்லாமல் தனியாக மோட்டார் சைக்கிளில் போவது.
5. அறிக்கையை வாங்காமல், பிரதி எடுக்காமல் விடுவது. அடுத்த ஸ்கேனை ஒப்பிட இதுதான் அடிப்படை.

தேதி கையில் இருக்கிறதென்றால் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். மருந்துப் பைகளை மேசையில் கொட்டி, அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். நாளைக் காலை மருத்துவமனையை அழைத்து, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.